நாடகத் தயாரிப்பு வகுப்பின் மதிப்பெண் தாளைக் கழற்றி மாட்டிய கதை

போன தயாரிப்பு முடிந்து மதிப்பெண் வெளியிட்ட மறுநாள், ஒலிக் குழுவில் இருந்த ஒரு மாணவன் தாளோடு வந்து நின்றான். ‘ஈடுபாடு’ என்ற கட்டத்தில் 20-க்கு 11 போட்டிருந்தேன். “சார், நான் எந்த நாள் ஈடுபடலைன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை சரி பண்ணிக்கிறேன்” என்றான். சண்டை போட வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னால் ஒரு நாளைக்கூடச் சொல்ல முடியவில்லை. எல்லா ஒத்திகையிலும் அவன் அரங்கத்தின் பின்கோடியில், மேலே இருந்த ஒலி அறையில் உட்கார்ந்திருந்தான். நான் கீழே மேடைக்கு முன்னால் இருந்தேன். என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அவன் மதிப்பெண்ணை அன்றே திருத்திவிட்டேன். ஆனால் கோளாறு அவன் தாளில் மட்டும் இல்லை. பழைய தாளை எடுத்துப் பார்த்தேன்: நாடகத்தின் தரத்துக்கு 40, வருகைக்கு 20, ஈடுபாட்டுக்கு 20, எழுத்து வேலைக்கு 20. முதல் கட்டமே தப்பு. நாடகம் நன்றாக வந்தால் அத்தனை பேருக்கும் 35-க்கு மேல். சொதப்பினால் அத்தனை பேருக்கும் 28. இரவு பகலாகச் செட் அடித்தவருக்கும், மூன்று நாள் தலைகாட்டிவிட்டுப் போனவருக்கும் ஒரே மதிப்பெண். ஈடுபாடு என்பதோ என் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசியவர்களுக்குப் போய்ச் சேரும் கட்டம் என்று அந்த மாணவன் காட்டிவிட்டான்.

சரி, இந்த செமஸ்டரில் இதைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வகுப்பில் 17 பேர். ஒன்றேகால் மணி நேர நாடகம், இரண்டு அறைகள் கொண்ட செட், மூன்று காட்சி நாட்கள். நெறியாள்கை இன்னொரு ஆசிரியர். தயாரிப்பு வேலையும் மதிப்பெண்ணும் என் பொறுப்பு.

முதலில் மாட்டிய பாகம் மணிக்கணக்கு. ஒவ்வொருவரும் செமஸ்டர் முடிவதற்குள் 45 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், வந்த நேரமும் போன நேரமும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கண்ணில் படுகிறவர், படாதவர் என்ற பிரச்சினை இதில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் இதன் லட்சணம் தெரிந்தது. இரண்டு பேர் ஒரே ஒரு தட்டிக்கு (செட்டின் சுவராக நிற்கும் பலகை) அடிப்பூச்சு பூச ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே ஒரு மாணவி அதே அளவுத் தட்டியை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, கை கழுவி, “அடுத்து என்ன சார்?” என்று நின்றாள். என் கணக்குப்படி அவளுக்கு ஒன்றரை மணி, அவர்களுக்கு ஆளுக்கு ஆறு மணி. மெதுவாக வேலை செய்கிறவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் ஒரு இயந்திரத்தை நானே செய்து வைத்திருந்தேன்.

மணிக்கணக்கை முழுசாகத் தூக்கிவிடவும் முடியவில்லை. யார் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று பார்க்க அது வேண்டும். அதனால் பதிவேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கான மதிப்பெண்ணை மட்டும் எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் வேலைச் சீட்டு வந்தது. கையளவு தாள். என்ன வேலை, எப்போது முடிய வேண்டும், முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது என்று மூன்று வரி. அடியில் ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து யாருடையது என்பதில்தான் இந்தத் தடவை நான் செய்த ஒரே உருப்படியான மாற்றம் இருக்கிறது. முதலில் என் கையெழுத்து என்றுதான் அச்சடித்திருந்தேன். மூன்றாம் வாரம் நடந்தது அதை மாற்றிவிட்டது.

செட் குழு தட்டிகள் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் 120 செ.மீ. அகலம், 240 செ.மீ. உயரம். மரச் சட்டம் அடித்து, மூலைகளில் முக்கோணப் பிளைவுட் துண்டு வைத்து ஸ்க்ரூ முடுக்கி, முன்பக்கம் மெல்லிய பிளைவுட் போர்த்துவது. ஆறு தட்டிகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் ஒரு சுற்று நடந்து, தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, ஆறு சீட்டிலும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வண்ணக் குழு அவற்றை எழுப்பி ஒட்டி நிறுத்தியபோது, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கீழே சேர்ந்திருந்த விளிம்பு மேலே போகப் போக விரிந்து, உச்சியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பின்னால் விளக்கு போட்டால் அறைச் சுவர் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும்.

டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தோம். 120-க்கு 240 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 268.3 செ.மீ. வர வேண்டும். நான்காவது தட்டியில் ஒன்று 267.7, இன்னொன்று 268.9. வித்தியாசம் 1.2 செ.மீ.தான், ஆனால் தட்டியின் தலைப்பக்கம் 1.3 செ.மீ. அளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூலைமட்டம் வைத்துத்தான் அடித்தார்களாம். அடித்திருக்கலாம். ஆனால் சிறிய மூலைமட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசகு, 240 செ.மீ. போவதற்குள் விரல் அளவாகிவிடும். மூலைவிட்டம் அளக்காமல் போர்த்தியதுதான் தவறு. போர்த்திய பிறகு சட்டம் விறைத்துக்கொள்ளும், தள்ளி நேராக்க முடியாது.

போர்வையைக் கழற்றினோம். மூலைத் துண்டுகளையும் கழற்றினோம். அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: இரண்டு மூலைகளில் பிளைவுட்டின் மர வரி இணைப்புக்கு இணையாக ஓடியது. அது இணைப்பைக் குறுக்கே கடக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு ஓடும் கோட்டிலேயே துண்டு பிளக்கும். விளிம்பிலிருந்து சட்டத்தின் தடிமன் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட 2 செ.மீ., உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் மறந்திருந்தார்கள். பக்கத்துத் தட்டியை மூலை திருப்பிச் சேர்க்கும்போது அந்த இடம் வேண்டும். எல்லாம் மாற்றி, கயிறு கட்டி இழுத்து, இரண்டு மூலைவிட்டமும் ஒரே எண் காட்டும் வரை நகர்த்தி, பிறகு முடுக்கினோம். இரண்டரை மணி நேரம் போனது.

அன்று மாலை வண்ணக் குழுத் தலைவி என்னிடம் சொன்னது: “கையெழுத்து நாங்க போட்டிருந்தா அளந்திருப்போம் சார். இதுல பெயிண்ட் அடிக்கப் போறது நாங்கதானே.” பளிச்சென்று உறைத்தது. நான் பார்த்தது ஆசிரியர் பார்வை. அந்தத் தட்டியை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைச் செய்ய வேண்டியவருக்கு இருக்கும் அக்கறை எனக்கு எப்படி வரும்?

அன்றிரவே சீட்டை மாற்றினேன். வேலையை வாங்கி அடுத்ததைச் செய்யப் போகிறவர்தான் கையெழுத்திட வேண்டும். தட்டிக்கு வண்ணக் குழு. விளக்குக் கேபிள் இழுத்ததற்கு, காட்சியன்று விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்காரப் போகிறவர். ப்ராப் மேஜைக்கு (நடிகர்கள் மேடையில் கையாளும் பொருட்கள் வைக்கும் மேஜை), அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு மேடையேறும் நடிகர். ஆடைக்கும் அதை உடுத்துகிறவர். முதல் தடவை கையெழுத்து கிடைக்காவிட்டால் மதிப்பெண் குறையாது, கெடு தேதிக்குள் சரிசெய்து வாங்கினால் முழு மதிப்பெண். கோணலாய்ப் போன தட்டிக்காரர்களுக்கும் முழுசாகவே கொடுத்தேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், இருக்கட்டும். தவறிப் பிரித்துத் திரும்ப மாட்டுவதற்குப் பயந்தால் இந்த வகுப்பில் யாரும் எதையும் கற்க மாட்டார்கள்.

மேடை மேலாளரின் வேலைக்கு எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று கொஞ்சம் குழம்பினேன். அவர் செய்வது பொருள் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு கோப்பு: நாடகப் பிரதி, நடிகர்களின் நகர்வுகள், ஒவ்வொரு கியூவும் (விளக்கோ ஒலியோ மாற வேண்டிய தருணம்) எந்த இடத்தில் என்ற குறிப்பு. போன தடவை அந்தக் கோப்பு ‘நேர்த்தியாக இருக்கிறது’ என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். வண்ண மார்க்கர், பிளாஸ்டிக் உறை எல்லாம் இருந்தது. அதை வைத்து வேறொருவர் காட்சியை நடத்த முடியுமா என்று கேட்கவே இல்லை.

இந்தத் தடவை சோதனை நேரடியானது. ஒத்திகையின் நடுவில் மேலாளரை எழுப்பிவிட்டு, கோப்பை உதவி மேலாளரிடம் கொடுத்து, “அடுத்த நாலு பக்கம் நீங்க கூப்பிடுங்க” என்றேன். கூப்பிடுவது என்றால் ஒவ்வொரு கியூவையும் இயர்ஃபோனில் சொல்வது. எங்கள் நாடகத்தில் விளக்குக்கு 62 கியூ, ஒலிக்கு 23. விளக்குக்கு எண், ஒலிக்கு ஆங்கில எழுத்து, இரண்டும் காதில் குழம்பாமல் இருக்க. ஒலிக் கியூக்கள் ஏ முதல் ஒய் வரை, ஐ-யும் ஓ-வும் இல்லாமல். எழுதினால் அவை ஒன்று, பூஜ்யம் போலத் தெரியும். இடையில் புதிதாகச் சேர்ந்த விளக்கு மாற்றத்துக்கு 14.5 என்று பெயர். உதவி மேலாளர் நன்றாகவே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். “விளக்கு 14 தயார்... கோ.” ‘கோ’ என்றதும் விளக்கு மாறும். அடுத்து 14.5-இல் திணறிவிட்டார். கியூ எண் ஓரத்தில் எழுதியிருந்தது, ஆனால் வசனத்தின் எந்தச் சொல்லில் என்று கோடு இல்லை. சொல்லின் மேலா, சொல் முடிந்த பிறகா, கதவு சாத்தும் சத்தத்திலா? மேலாளரின் தலைக்குள் அது தெளிவாக இருந்தது. கோப்பில் இல்லை. அன்று மாலையே 62 கியூவுக்கும் சொல்லைத் தொடும்படி பென்சிலால் கோடு இழுத்துவிட்டார். பென்சில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேனாவில் எழுதிய கோப்பு டெக் ஒத்திகை (விளக்கு, ஒலி, செட் எல்லாம் சேர்த்து நடத்திப் பார்ப்பது) முடிவதற்குள் அடித்தல் திருத்தலாகி யாருக்கும் உதவாமல் போகும். (‘கோ’ என்ற சொல்லை இயர்ஃபோனில் பேச்சுவாக்கில் யாரும் சொல்லக்கூடாது என்ற விதியை நான் போடவில்லை. ஒருமுறை யாரோ “கோயிலுக்கு” என்று ஆரம்பித்து மேடை இருண்டது. அதன் பிறகு விதி தானாக வந்துவிட்டது.)

நேரம் தவறுவதைப் பற்றி நிறைய எழுதலாம், எழுத மாட்டேன். ஆறு மணி அழைப்பு என்றால் ஆறு மணிக்குக் கையில் வேலை இருக்க வேண்டும், வாசலில் செருப்பு விடும் நேரம் அல்ல. சொல்லாமல் தாமதித்தால் ஒவ்வொரு முறையும் 2 மதிப்பெண் போகும். மேடை மேலாளரிடம் முன்பே சொல்லியிருந்தால் போகாது, ஆனால் மூன்றாவது முறை அவரை வேறு நேர வேலைக்கு மாற்றுவோம். படித்துக்கொண்டே வேலைக்குப் போகிற ஒருவர் அப்படி மாறி, காலை நேரத்தில் தனியாக ப்ராப் வேலை முழுதையும் பார்த்துக்கொண்டார். பழைய தாளில் அவர் தேறியிருக்கவே மாட்டார்.

பாதுகாப்புக்கு மதிப்பெண் உண்டா என்று முதல் நாளே கேட்டார்கள். கிடையாது. அது வாசல், உள்ளே வரவே அது வேண்டும். மூடிய காலணி, கட்டிய முடி, ரம்பம் ஓடும்போது கண்ணாடி, சுழலும் அலகு பக்கத்தில் கையுறை கிடையாது. தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் தவிர ஒரு பாதுகாப்புக் கம்பி. கருவியில் பயிற்சி முடித்து என் கையெழுத்து வாங்காதவர் அதைத் தொடக்கூடாது (இது மட்டும் என் கையெழுத்துதான்). இதற்கு மதிப்பெண் போட்டால், ‘அஞ்சு மார்க்தானே போகும்’ என்று கணக்குப் போடும் ஆள் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

ஆறாம் வாரம் இந்த வாசலுக்கே சோதனை வந்தது. ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த மாணவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, நாலு மீட்டர் கீழே மேடையில் விழுந்தது. கீழே யாரும் இல்லை. நானும் அங்கே இல்லை. ஸ்பேனரை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. அவனே இறங்கி வந்து, தேடிப் பிடித்து என்னிடம் சொன்னான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வாரம் ஏணியிலிருந்து விலக்கி வைக்கலாம் என்று வாய் வரை வந்தது. விலக்கினால் அடுத்தவர் நழுவவிட்டதை என்னிடம் சொல்ல மாட்டார். வேலையை நிறுத்தி, எல்லாரையும் கூட்டி, கருவிப் பெட்டியில் இருந்த அத்தனை ஸ்பேனருக்கும் கயிறு கட்டினோம். கட்டியது அவன்தான். சொன்னதற்குத் தண்டனை இல்லை, மறைத்தால் அரங்கத்துக்குள் இடமில்லை என்று பலகையில் எழுதி வைத்தேன்.

நடிகர்கள் பக்கம்தான் பெரிய எதிர்ப்பு. திறமைக்கு மதிப்பெண் இல்லை என்றதும் முக்கியப் பாத்திரம் ஏற்ற மாணவி நேராகக் கேட்டாள், “அப்ப நல்லா நடிச்சாலும் நடிக்காட்டியும் ஒண்ணா சார்?” நியாயமான கேள்வி. நெறியாளரும் நானும் இரண்டு நாள் பேசினோம். வசனத் தாள் இல்லாமல் நடிக்க வேண்டிய கெடு, நகர்வுகளை மாற்றாமல் திரும்பச் செய்வது, ஆடையைத் திரும்ப மாட்டுவது இதெல்லாம் எளிதில் பார்க்கக்கூடியவை. கலையை எப்படிப் பார்ப்பது? கடைசியில் நெறியாளரே வழி சொன்னார். ஒவ்வொரு ஓட்டத்துக்கு (நாடகத்தை நிறுத்தாமல் நடத்திப் பார்க்கும் ஒத்திகை) பிறகும் அவர் குறிப்பு கொடுக்கிறார். அந்தக் குறிப்பு அடுத்த ஓட்டத்தில் தெரிகிறதா என்று பார்ப்போம். சரியாக வர வேண்டும் என்பதில்லை, முயன்றது தெரிந்தால் போதும். அந்த மாணவிக்கு ஒரு ஓட்டத்தில் 9 குறிப்பு வந்தது. அடுத்ததில் 7 தெரிந்தது. மீதி இரண்டையும் அவள் ஏன் வேண்டாம் என்று நினைத்தாள் என்று நெறியாளரோடு வாதாடினாள். அதற்கும் கணக்கில் இடம் கொடுத்தோம்.

எழுத்து வேலையை வெட்டிவிட்டேன். வாராவாரம் ஒரு பக்க அனுபவக் குறிப்பு என்று வைத்திருந்தேன். ‘இந்த வாரம் குழுவாக உழைப்பதன் அருமையைக் கற்றேன்’ என்று 17 பேரும் எழுதினால் படிக்கிறவன் கதி என்ன? அதற்குப் பதில் ஒவ்வொருவரும் தங்கள் வேலையை அடுத்த வருடம் செய்யப் போகிறவருக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும். எது கெட்டது, என்ன செய்து பார்த்தோம், எதை எங்கே வைத்திருக்கிறோம். வந்தவற்றில் நாலைந்து உண்மையிலேயே பொக்கிஷம்.

இப்போது தாள் இப்படி நிற்கிறது: அழைப்பு நேரத்துக்கு 25, வேலைச் சீட்டுகளுக்கு 35 (நடிகர்களுக்கு இந்த இடத்தில் வசனம், நகர்வு, குறிப்பு), டெக் வாரத்துக்கும் காட்சி நாட்களுக்கும் 20, அடுத்தவருக்கான குறிப்புக்கு 10, செட் பிரிப்பதற்கு 10.

செட் பிரிப்பதற்குப் பத்தா என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். போன தடவை கடைசிக் காட்சி முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் பாதிப் பேர் பூச்செண்டோடு போய்விட்டார்கள், பாக்கி எட்டுப் பேர் நள்ளிரவு வரை ஸ்க்ரூ கழற்றினார்கள். இந்த முறை மேலாளர் பெயர் சொல்லி அனுப்பும் வரை யாரும் போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. ப்ராப், ஆடை முதலில் போயின. விளக்குகள் ஆறும் வரை தொடவில்லை. தட்டிகளைப் பிரித்து, திரும்பப் பயன்படும் சட்டங்களிலிருந்து ஒரு ஸ்க்ரூ விடாமல் எடுத்து, கடைசியில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேடை முழுக்க இழுத்தார்கள். அப்போதும் ஒரு பிடி ஆணி வந்தது. 16 பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மறுநாள் தேர்வு. மூன்று வாரம் முன்பே சொல்லி, கருவி அறையை முன்னதாகவே ஒழுங்கு செய்து கொடுத்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் மேடை வெறுமையானது.

ஒலி அறையில் இந்தத் தடவை உட்கார்ந்திருந்தவள் வாங்கியது 93. ஒருமுறைகூட நான் மேலே போய்ப் பார்க்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு சீட்டிலும் மேலாளர் கையெழுத்து இருந்தது.

சரியாகாத ஒன்று பாக்கி. இரண்டாவது காட்சியன்று ஒரு நடிகரின் சட்டையில் பொத்தான் இல்லை. மேடையில் கோட்டைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றாமல் சமாளித்தார். ஆடைக் குழுவின் சீட்டைப் பார்த்தால் ‘பொத்தான்கள் சரி’ என்ற வரிக்குக் கீழே அதே நடிகரின் கையெழுத்து. பார்க்காமல் போட்டிருக்கிறார். நான் கையெழுத்துக்காரருக்கு 2 குறைத்தேன், ஆடைக் குழுவுக்குக் குறைக்கவில்லை. “பொத்தானைத் தைக்காதவங்களுக்கு ஒண்ணும் இல்ல, பாக்காதவனுக்குத் தண்டனையா?” என்று அவர் கேட்டார். பொத்தானைத் தைக்க வேண்டிய மாணவியும் அவர் பக்கம் நின்று, தனக்கும் குறைக்கச் சொல்கிறாள். இருவருக்கும் ஒவ்வொன்று குறைக்கலாமா, யாருக்கும் குறைக்காமல் விடலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த செமஸ்டருக்கான தாளை அச்சுக்குக் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.